பதவிக்காலம் முடிந்த தலைவரின் வேலைக்கு இப்போது யாரைக் கேட்பது?

கேள்வி: கடலூர் மாவட்டத்தில் பரவனாற்றை ஒட்டியது எங்கள் ஊர். எங்கள் தெருவில் 120 மீட்டர் வடிகால் கட்டியதாகப் பலகை நிற்கிறது. அளந்தால் 70 மீட்டர்தான் வருகிறது. ஊராட்சிச் செயலரைக் கேட்டால், "அது பழைய தலைவர் காலத்து வேலை" என்கிறார். பழைய தலைவரோ, "நான்தான் இப்போது பதவியிலேயே இல்லையே" என்கிறார். யாரிடம் போய்க் கேட்பது?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் மழைதான் நினைவுக்கு வந்தது. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று எல்லாம் வந்து வடிகிற மாவட்டம் இது. 2015 வெள்ளத்தையும் 2024 ஃபெஞ்சல் புயலையும் பார்த்தவர்களுக்கு, வடிகாலில் 50 மீட்டர் குறைந்தால் தண்ணீர் யார் வீட்டு வாசலில் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் இதை விடாதீர்கள்.

நம் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதன்பின் நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டம். அது தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம், தென்பெண்ணையைத் தாண்டினால் பாகூர். புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல்தான். அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்த பிறகும் வருடக்கணக்கில் தேர்தல் நடக்கவில்லை. தெருவிளக்கு எரியாவிட்டால் பிடித்துக் கேட்க ஒரு ஆள் இல்லாதது எத்தனை பெரிய குறை என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

சரி, உங்கள் வடிகாலுக்கு வருவோம். தலைவர் ஒருவர் நினைத்த மாத்திரத்தில் கட்டட வேலைக்குப் பணம் வெளியே போகாது. வேலை முடிந்ததும் ஒன்றியத்திலிருந்து ஓவர்சியர் வந்து அளக்க வேண்டும். நீளம், அகலம், ஆழம் என்று கட்டம் போட்ட அளவுப் புத்தகத்தில் அதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். எம்.புக் என்பார்களே, அதுதான். பொறியாளர் அதைச் சரிபார்ப்பார். அந்தப் பக்கத்தில் இருக்கும் எண்ணுக்குத்தான் பில். தலைவர் வீட்டுக்குப் போய்விட்டார், ஆனால் அளந்து எழுதியவர்கள் அரசு ஊழியர்கள். அந்தப் புத்தகமும் அரசு ஆவணம். நீங்கள் தேட வேண்டியது அந்த ஒரு பக்கத்தை.

அதில் 70 என்று இருந்தால் பலகைதான் தப்பு. 120 என்று இருந்தால் யாரோ பொய் எழுதியிருக்கலாம். மீதி 50 மீட்டரைப் பக்கத்துத் தெருவில் கட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் புத்தகத்தைப் பார்க்கும் முன் "ஊழல்" என்று எங்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். பேச்சு உடனே ஆட்களைப் பற்றிய சண்டையாகிவிடும், வடிகால் பின்னுக்குப் போய்விடும்.

பக்கத்தைப் பெறும் வழி, 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம். உங்கள் வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகையோடு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் அவர்கள் ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். "ஏன் கட்டவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்கள்: அந்த வேலையின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், பில், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது: இதே சட்டத்தின் பிரிவு 2(ஜெ) வேலையை நேரில் ஆய்வு செய்யவும், போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. அதையும் ஒரு வரி சேர்த்து எழுதிவிடுங்கள்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தகவல் தராமல் இழுத்தடிக்கும் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் போடலாம்.

அப்புறம் கிராம சபை. தலைவர் இல்லாவிட்டாலும் அது உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளில் அடுத்து எது வருகிறதோ அதற்குப் போங்கள். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊரில் 100 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். தெருக்காரர்களைத் திரட்டிக்கொண்டு போங்கள். நான் பார்த்த ஒரு கூட்டத்தில், வந்தவுடனேயே பதிவேட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். தீர்மானம் எழுத வேண்டிய பக்கங்கள் வெற்றாக இருந்தன. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு, "எழுதி வாசிங்க, அப்புறம் போடுறேன்" என்றார். அன்று அந்தத் தீர்மானம் உள்ளபடி எழுதப்பட்டது. "வடிகாலை மறு அளவீடு செய்ய வேண்டும்" என்று தீர்மானத்தில் ஏறும்வரை நீங்களும் அப்படியே இருங்கள்.

அளவுப் புத்தகப் பக்கமும் தீர்மான நகலும் கைக்கு வந்ததும், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுங்கள். சட்டப்படி ஊராட்சிகளின் ஆய்வாளர் அவர்தான். மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள். 120 என்று எழுதியிருந்து, மீதி வேறெங்கும் கட்டப்படவில்லை என்பதும் உறுதியானால், லஞ்ச ஒழிப்புத் துறைக்கும் ஒரு நகல் போகட்டும். பதவி போனதால் பழைய கையெழுத்துக்குப் பொறுப்பு போய்விடாது.

அதற்கு முன்னால், இந்த ஞாயிறே இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு பத்து மீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுப் படம் எடுத்து வையுங்கள். மறு அளவீட்டுக்கு ஆள் வரும்போது டேப்பின் ஒரு முனையை உங்கள் தெருக்காரர் ஒருவர் பிடிக்கட்டும்.