ஹப்புக்குள் என்ன இருக்கிறது?

கே: தினமும் கடலோர மரைன் டிரைவ்வால் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். புதுச் சில்லு வாங்க வேண்டும். குண்டு பெயாரிங்கா, சீல்ட் பெயாரிங்கா? (வெள்ளவத்தை)

ப: ஸ்பனர் பிடிக்கத் தெரிந்தால் குண்டு, தெரியாவிட்டால் சீல்ட். ஹப் என்பது சில்லின் நடுப்பகுதி. குண்டு வகையில், அதன் உள்ளே இருக்கும் கிண்ணமான கப்புக்கும் அச்சில் திருகிய கோனுக்கும் நடுவே உதிரிக் குண்டுகள். பின் ஹப்பில் பெரும்பாலும் பக்கத்துக்கு 9. அவ்வப்போது கழற்றித் துடைத்துக் கிறீஸ் வைத்தால் வருடக்கணக்கில் உழைக்கும். கோன் தளர்ந்தபின் ஓடினால் கப்பில் குழி விழும். குண்டும் கோனும் மாற்றலாம். கப் ஹப்போடு இறுகியது, போனால் ஹப்பே போச்சு. 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் அவசரத்தில் நான் வாங்கிய சில்லு அப்படித்தான் போனது. 'கரகர' சத்தத்தை ரயர்ச் சத்தம் என்று மூன்று மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சீல்ட் வகையில் குண்டுகள் மூடிய வளையத்துக்குள் இருக்கும். தேய்ந்தால் முழுதாகத் தட்டி எடுத்துப் புதிதை இறுக்க வேண்டும். ஆனால் 'சீல்ட் என்றால் தண்ணீரே போகாது' என்கிறார்களே, கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரப்பர் மூடி தூசியையும் மழைத்தூறலையும் தடுக்கும், வெள்ளத்தில் தள்ளிக்கொண்டு போவதை அல்ல. பெயாரிங்கின் ஓரத்தில் பொறித்த எண்ணைப் பாருங்கள். 6001 என்றால் உள்துளை 12 மி.மீ., வெளிவிட்டம் 28, அகலம் 8. எந்தக் கம்பனி செய்தாலும் அதே அளவு. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் எண்ணைச் சொல்லித் தேடலாம். பின்னால் '2ஆர்எஸ்' என்றிருந்தால் இரு பக்கமும் ரப்பர். 'இசட்இசட்' வெறும் தகரமூடி, கடற்காற்றுக்கு வேண்டாம். எண் சொல்லத் தெரியாத கடையில் சில்லு வாங்காதீர்கள்.

கே: செரமிக் பெயாரிங் போட்டால் வேகம் கூடுமா? (தெஹிவளை)

ப: உங்கள் பணப்பை மட்டும் வேகமாகக் காலியாகும். அந்தக் காசுக்கு நல்ல ரயர் இரண்டு வாங்குங்கள்.

கே: வாரம் தவறாமல் சேர்விஸ் ஸ்டேஷனில் பிரஷரில் கழுவுகிறேன். ஆறே மாதத்தில் ஹப் இறுகிவிட்டது. கம்பனி மாற்றித் தருமா? (பம்பலப்பிட்டி)

ப: கிறீஸைக் கழுவி வெளியேற்றியது நீங்கள். கம்பனி ஏன் தர வேண்டும்? வாளித் தண்ணீரும் துணியும் போதாதா?

கே: சீல்ட் என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். பஞ்சரான நாளில் திருத்துகிறவர் திறந்து காட்டினார், உள்ளே உதிரிக் குண்டு. கடைக்காரர் சிரிக்கிறார். (கொட்டாஞ்சேனை)

ப: உங்கள் மேல் பிழையே இல்லை. ஹப்பைத் திறந்து பார்த்தா யாரும் வாங்குகிறார்கள்? திறந்த ஹப்பை அப்படியே படம் எடுங்கள், பில்லோடு சேர்த்து வையுங்கள். பில்லில் 'சீல்ட்' என்று எழுதியிருந்தால் உங்கள் கை ஓங்கும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். நாள் கடத்தாதீர்கள். அதுவரை அந்தக் குண்டுகளை எறியவும் வேண்டாம்.