பச்சை போன இலைகள்

கேள்வி: அடுத்த மாதம் லண்டனில் மகள் வீட்டுக்குப் போகிறேன். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் பல நாட்டுப் பழைய துணிமணிகள் இருக்கின்றனவாமே? கண்ணாடிக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பதற்கு அலையத்தான் வேண்டுமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அவசியம் போங்கள், அம்மா. ஆனால் சவுத் கென்சிங்டன் கட்டடத்தோடு திரும்பிவிடாதீர்கள். கிழக்கு லண்டனில், ஒலிம்பிக் பூங்காவுக்குள், தங்கள் கிடங்கையே 2025 மே 31 முதல் எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள். இணையப் பட்டியலைப் பார்த்து ஐந்து பொருள்கள் வரை கேட்கலாம். மேஜையில் எடுத்து வைத்துக் காட்டுவார்கள். கட்டணம் கிடையாது. இரண்டு வாரம் முன்னதாகப் பதிய வேண்டும், மகளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

ஜப்பானியக் கிமோனோ, ஆடை வடிவமைப்பாளர் பலென்சியாகாவின் கவுன் எல்லாம் உண்டு. நீங்கள் கேட்க வேண்டியது நம் சோழமண்டலக் கரையில் பருத்தித் துணியில் கையால் பூ வரைந்து சாயமேற்றிய சீட்டித் துணி. கட்டில் விரிப்பு, திரை, மேலங்கி என்று ஐரோப்பாவே அதன் மேல் மோகம் கொண்டு அலைந்தது. அங்கத்திய நெசவாளர்கள் கொதித்தெழ, பிரான்ஸ் 1686இலும் இங்கிலாந்து 1721இலும் தடை போட்டன.

நான் அங்கே போனபோது கேட்டிருந்தது 18ஆம் நூற்றாண்டுக் கட்டில் விரிப்பு ஒன்று. பூக்களின் சிவப்பு நேற்றுத் தோய்த்தது மாதிரி இருந்தது. சாயவேர்ச் சிவப்பு அது. படிகாரக் கரைசலால் வரைந்த இடத்தில்தான் பிடிக்கும், பிடித்தால் விடாது. இலைகளைப் பார்த்ததும்தான் திகைத்தேன். அத்தனையும் நீலம்! அவுரி நீலத்தின் மேல் கடைசியாக மஞ்சள் சாயம் தீட்டித்தான் பச்சை வரவழைப்பார்கள். அந்த மஞ்சளை வெளிச்சம் தின்றுவிட்டது. ஊழியர் அடி ஓரத்துத் தையல் மடிப்பை மெதுவாகத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஒரு விரற்கடை அகலத்துக்கு இலை நுனி இன்னும் பச்சையாகவே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை வரைந்தவர் பார்த்த நிறம் அதுதானே!

துணி வைத்திருக்கும் கூடங்களில் விளக்கு மங்கலாக இருந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள், மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான் அது. மூக்குக்கண்ணாடியை மறக்காமல் எடுத்துப்போங்கள். சிவப்புப் பூவிதழுக்குள் தலைமயிர் அளவு வெள்ளைக் கோடுகள் ஓடும். அவை உருக்கிய மெழுகைத் தொட்டுக் கையாலேயே இழுத்தவை, மெழுகு பட்ட இடத்தில் சாயம் பிடிக்காது.