நிலாவெளி எட்டுக் கேள்விக்குறி ஆனால்

கேள்வி: திருகோணமலையில் படகுப் பயணப் பதிவுக்கு ஜேஎஸ்பியில் (ஜாவாவில் வலைப்பக்கம் எழுதும் முறை) தளம் ஒன்று செய்கிறேன். தலைப்புப் பகுதி தனிக் கோப்பு. அதைப் பக்கத்துக்குள் சேர்க்க 'இன்குளூட்' செய்யும்போது, கூடவே மதிப்பு அனுப்பும் 'பராம்' மூலம் புறப்படும் இடத்தை அனுப்புகிறேன். ஆங்கில எழுத்தில் அனுப்பினால் சரி. 'நிலாவெளி' என்று தமிழில் அனுப்பினால் ???????? என்று வருகிறது. பயண விவரத்தை முழு ஒப்ஜெக்டாக (பல தகவல்கள் சேர்ந்த ஒரே பொருளாக) அனுப்பவும் முடியவில்லை.

பதில்: முதலில் கேள்விக்குறிகளை எண்ணுங்கள். எட்டு. நமக்கு நி, லா, வெ, ளி என நான்கெழுத்து. யுனிகோடில் உயிர்க்குறிகளும் தனித்தனி என்பதால் எட்டு. ஒன்றுக்கு ஒன்றாகக் கேள்விக்குறி விழுந்தால், எழுத்து அனுப்பும் இடத்திலேயே தொலைந்துவிட்டது என்று அர்த்தம். தலைப்புக் கோப்பை எவ்வளவு நோண்டினாலும் திரும்பி வராது. (கொக்கியும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வந்திருந்தால் பைட்டுகள் பத்திரம், வாசித்த விதம்தான் பிழை.)

'பராம்' மதிப்பை டொம்கட் (ஜேஎஸ்பியை இயக்கும் சேவையகம்) நேராகக் கையளிப்பதில்லை. முகவரியின் வால்போல, கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டும் உரையாக மாற்றித்தான் அனுப்புகிறது. அந்த மாற்றத்துக்கு ரிக்குவெஸ்டின் (உலாவி அனுப்பும் கோரிக்கையின்) என்கோடிங்கை, அதாவது எழுத்தைப் பைட்டுகளாக்கும் முறையைப் பார்க்கும். உலாவிகள் பொதுவாக அதைச் சொல்லி அனுப்புவதில்லை. வேறெங்கும் சொல்லாவிட்டால், மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான ஐஎஸ்ஓ 8859-1. அதில் தமிழுக்கு இடமே கிடையாது. "பக்கத்தின் கன்டென்ட் டைப்பில், தமிழையும் தாங்கும் யூடிஎஃப்-8 என்கோடிங்கைப் போட்டிருக்கிறேனே" என்பீர்கள். அது வெளியே போகும் பதிலுக்கு. உள்ளே வரும் ரிக்குவெஸ்டுக்கு அல்ல.

ஆகவே ரிக்குவெஸ்டின் 'செட் கேரக்டர் என்கோடிங்' என்ற செயற்கூறை யூடிஎஃப்-8 என்ற மதிப்புக் கொடுத்து அழையுங்கள். எந்தப் பராமீட்டரையும் (ரிக்குவெஸ்டோடு வரும் மதிப்பையும்) வாசிக்கும் முன் அழைக்க வேண்டும். பிந்தினால் படிவத்தில் வந்த தமிழ்ப் பெயர்கள் கெட்டபடியே இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் எழுதாமல், ரிக்குவெஸ்ட் பக்கத்தை அடையும் முன் ஓடும் ஒரு ஃபில்டரில் வையுங்கள். டொம்கட் 9 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் தளத்தின் அமைப்புக் கோப்பான வெப் எக்ஸ்எம்எல்லில் 'ரிக்குவெஸ்ட் கேரக்டர் என்கோடிங்' என்ற ஒற்றை வரி போதும்.

ஒப்ஜெக்ட் விஷயம் எளிது. 'பராம்' உரையை மட்டுமே சுமக்கும். ரிக்குவெஸ்டோடு ஒரு பொருளைப் பெயரிட்டு வைக்கும் 'செட் அட்ரிபியூட்' எதையும் சுமக்கும், என்கோடிங் தொல்லையும் இல்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இடப்பெயரையும் அதிலேயே வைத்திருப்பேன். ஒன்று மட்டும் கவனம்: 'பராம்' அந்த இன்குளூடோடு மறைந்துவிடும், அட்ரிபியூட் ரிக்குவெஸ்ட் முடியும்வரை கிடக்கும். ஒரே பக்கத்தில் அந்தக் கோப்பை இரண்டாம் முறை சேர்த்தால் பழைய நிலாவெளி அங்கேயும் தலைகாட்டும். உலாவியை வேறு முகவரிக்குத் திருப்பும் 'சென்ட் ரிடைரெக்ட்' செய்தாலோ அது புது ரிக்குவெஸ்ட். வைத்த அட்ரிபியூட் எதுவும் கூட வராது.