மூச்சு திணறினால் அங்கேயே நிறுத்துங்கள்

கேள்வி: மூன்று வருடமாக இடுப்பு வலி. ஸ்கேனில் டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் தேவையில்லை, யோகா செய்து பாருங்கள் என்றார் டாக்டர். ஒரு வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாளே குனிந்து கால்விரலைத் தொடச் சொன்னார்கள். அப்புறம் சில நாள் நிமிரவே முடியவில்லை. எனக்கு யோகா ஒத்துவராதா? (வாசகர், வயது 44)

பதில்: தாராளமாக ஒத்துவரும். வலியோடு வருகிறவருக்கு முதல் நாள் கொடுக்க வேண்டிய பயிற்சியே இல்லை அது. உங்களை அப்படிச் செய்யவைத்தது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

வலி 3 மாதத்தைத் தாண்டிவிட்டால் விஷயம் டிஸ்க்கோடு நிற்பதில்லை. நரம்பு மண்டலமே உஷாராகிவிடுகிறது. ஒருமுறை திருடன் வந்துபோன வீட்டில், காற்றுக்குக் கதவு ஆடினாலும் தூக்கம் கலையும் அல்லவா, அப்படி. சாதாரண அசைவுக்கும் வலி எழும். வலிக்குமோ என்ற பயத்தில் இடுப்பைச் சுற்றியுள்ள தசைகள் இறுகும். இறுகுவதால் இன்னும் வலிக்கும். எல்லாம் மனப்பிரமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், உங்கள் வலி நிஜம்தான். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்தும் கலங்க வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேன் எடுத்தால் டிஸ்க் பிதுங்கித்தான் தெரியும்.

இந்த இறுக்கத்தைத் தளர்த்த நம் கைவசம் இருப்பது வெளிமூச்சு. நினைத்தவுடன் இதயத் துடிப்பைக் குறைக்க நம்மால் முடியாது. ஆனால் மூச்சை நிதானமாக, நீளமாக வெளியே விட்டால், மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக அது தானே குறையும். கூடவே அடிவயிறு மெல்ல உள்வாங்கி இடுப்புக்குத் தாங்கலாக நிற்கும். அதனால்தான் உடம்பு மடங்குகிற அசைவுகளை வெளிமூச்சில் செய்யச் சொல்கிறோம்.

மல்லாந்து படுத்து, முழங்கால்களை வயிற்றுப் பக்கம் மடக்கி, ஒவ்வொரு கையையும் ஒரு முழங்கால் மேல் வையுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது கைகள் நீளும் வரை முழங்கால்களை வயிற்றிலிருந்து விலக விடுங்கள். மூச்சை விட்டபடி மெதுவாக வயிற்றை நோக்கிக் கொண்டுவாருங்கள். இதுதான் அபானாசனம். 6 முறை போதும். முதலில் மூச்சு தொடங்க வேண்டும், அப்புறம்தான் கால் நகர வேண்டும். கால் நின்ற பிறகும் மூச்சு கொஞ்சம் மிச்சமிருக்க வேண்டும். என்னிடம் பயில வருகிறவர்களிடம் நான் முதலில் கவனிப்பது காலை இல்லை, தாடையை. தாடை இறுகினாலோ மூச்சு பாதியில் அறுந்தாலோ, அளவு மீறிப் போகிறோம் என்று அர்த்தம். அங்கேயே நிறுத்தி, அடுத்த முறை அதில் பாதி தூரம் மட்டும் போங்கள்.

வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கினால் இந்தப் பயிற்சியை விட்டுவிடுங்கள். கால் பலமிழந்தாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீர், மலத்தைக் கட்டுப்படுத்த முடியாவிட்டாலோ, யோகாவை மறந்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். தரையில் உட்காரவே முடியாது. அவரால் என்ன செய்ய முடியும்? (வாசகி)

பதில்: நாற்காலி இருக்கிறதே! கைப்பிடி இல்லாத, ஆடாத நாற்காலியில் முன்பக்கமாக உட்காரச் சொல்லுங்கள். பாதம் தரையில் பதியட்டும். மூச்சை இழுத்தபடி இரு கைகளையும் முன்பக்கமாக உயர்த்தி, விட்டபடி இறக்கட்டும். தோள் வலித்தால் பாதி உயரம் போதும். பிறகு மூச்சை விட்டபடி ஒரு காலை மட்டும் மெதுவாக நீட்டி, இழுத்தபடி மடக்கட்டும். முழங்காலைத் தாங்கும் தொடைத் தசைக்கு இது நல்ல வேலை. எலும்பு அடர்த்தி குறைவு என்று டாக்டர் சொல்லியிருந்தால், முன்னால் குனிகிற பயிற்சி எதுவும் வேண்டாம்.

நாற்காலியில் செய்வது அரைகுறை யோகா என்று அம்மா நினைத்தால் யோக ஆசான் கிருஷ்ணமாச்சாரியாரைப் பற்றிச் சொல்லுங்கள். ஆளுக்கு ஏற்றபடிதான் பயிற்சி அமைய வேண்டும், பயிற்சிக்காக ஆளை வளைக்கக் கூடாது என்பது அவர் வழி. அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் சென்னையில் தந்தை பெயரில் தொடங்கிய ‘யோக மந்திரம்’ என்ற பயிற்சி நிலையமும் அதையே சொல்லிக்கொடுக்கிறது.

கேள்வி: வீடியோ பார்த்து மூச்சை அடக்கிப் பழகுகிறேன். தலை சுற்றுகிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தொடரலாமா? (வாசகர், வயது 57)

பதில்: வேண்டாம், இன்றே நிறுத்திவிடுங்கள். மூச்சை அடக்கும்போது ரத்த அழுத்தம் ஏறக்கூடும். வேகவேகமாக மூச்சு விடுகிற பயிற்சிகளும் உங்களுக்கு ஆகாது. அவற்றில் ரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும். மனதுக்குள் 4 எண்ணும் வரை மூக்கால் இழுங்கள், 6 எண்ணும் வரை விடுங்கள். ஒரு எண்ணுக்கு ஒரு விநாடி என்றால் நிமிடத்துக்கு 6 மூச்சு. சும்மா இருக்கும்போது நாம் விடுவது 12 முதல் 20. 6 வரை நீளவில்லையென்றால் 3-க்கு இழுத்து 4-க்கு விடுங்கள், அதுவே நல்லது. 5 நிமிடம் போதும். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. தலைசுற்றலையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எத்தனை நாளில் வலி போகும்? (வாசகி, வயது 39)

பதில்: முழுதாகப் போய்விடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. நாள்பட்ட இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன் முயலக்கூடியவற்றில் ஒன்றாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் சங்கம் 2017-ல் யோகாவையும் சேர்த்தது. அந்த வலியை வைத்து நடந்த முக்கியமான ஆய்வுகள் பலவற்றில் பயிற்சி 12 வாரம் நடந்தது. பலருக்கு வலி ஓரளவு குறைந்தது, அன்றாட வேலை செய்வது சுலபமானது. அதிசயம் எதுவும் நடக்கவில்லை. நீங்களும் 12 வாரம் கொடுங்கள். தினமும் 15 நிமிடம் செய்வது, ஞாயிறு மட்டும் ஒன்றரை மணி நேரம் செய்வதைவிட மேல் என்பது என் அனுபவம். வலி அதிகமான நாளில் ஆசனத்தை விட்டுவிடுங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்து, வெளிமூச்சை மட்டும் நீட்டினால் அன்றைய பயிற்சி முடிந்தது.