கொரோனா ஐரோப்பாவைச் சேர்த்ததா, பிரித்ததா? – கேள்வி பதில்

ரம்யா: தொற்று வந்ததும் ஐரோப்பிய நாடுகள் ஒன்றுசேர்ந்துவிட்டன என்கிறார்களே?

எந்த மாதத்தைக் கேட்கிறீர்கள்? 2020 மார்ச்சையும் ஜூலையையும் போட்டுக் குழப்பாதீர்கள். மார்ச்சில் இத்தாலி முகக்கவசத்துக்குத் தவித்தபோது ஜெர்மனியும் பிரான்சும் வெளியே அனுப்பவே கட்டுப்பாடு போட்டன. எல்லைகளும் அடைபட்டன. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸும் சுவிட்சர்லாந்தின் க்ரோய்ட்ஸ்லிங்கனும் ஒட்டிக்கிடக்கிற ஊர்கள், நடுவே வேலி போட்டார்கள், அப்புறம் காதலர்கள் கம்பி வழியாகக் கைகோத்து நிற்கிறார்கள் என்று கொஞ்சம் தள்ளி இன்னொரு வேலியும் போட்டார்கள்.

ஏப்ரலில், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் ஊர்சுலா ஃபொண்டர்லாயன் இத்தாலியிடம் மன்னிப்புக் கேட்டார். ஜூலையில் 75,000 கோடி யூரோவைக் கூட்டாகக் கடன் வாங்க முடிவானது, அதில் 39,000 கோடி திருப்பித் தர வேண்டாத மானியம். நெதர்லாந்து, ஆஸ்திரியா எல்லாம் கடைசிவரை முரண்டு பிடித்தன. கூட்டுக் கடன் என்றாலே முகம் சுளித்த, அப்போதைய ஜெர்மன் அரசுத் தலைவர் (சான்சலர்) மெர்கல் இறங்கி வந்தது பாசத்தால் இல்லை. இத்தாலியும் ஸ்பெயினும் படுத்துவிட்டால் ஜெர்மன் சரக்கை வாங்க ஆள் ஏது?

செல்வம்: அப்போது சுகாதாரம் பிரஸ்ஸல்ஸ் கைக்கு, அதாவது ஐரோப்பிய ஒன்றியத் தலைமையகத்தின் கைக்குப் போய்விட்டதா?

இல்லை. மருத்துவமனையும் ஊரடங்கும் அந்தந்த நாட்டின் பொறுப்புதான். தடுப்பூசியைச் சேர்ந்து வாங்கினார்கள். ஹங்கேரி அது போதாதென்று ரஷ்ய, சீன ஊசிகளைத் தனியாக வாங்கிக்கொண்டது.

பிரபு: எனக்கு எந்த ஊசி நல்லது?

டாக்டரைக் கேளுங்கள்.

நசீர்: நம் தெற்காசியக் கூட்டமைப்பான சார்க்கின் நாடுகளும் இப்படிச் சேரலாமே? (இன்னும் இருவர் இதையே கேட்டிருக்கிறார்கள்)

2020 மார்ச் 15 அன்று மோடி காணொலியில் கூட்டம் கூட்டி அவசர நிதி ஒன்றை முன்வைத்து, இந்தியா சார்பில் 1 கோடி டாலர் அறிவித்தார். 2014 காத்மாண்டுக்குப் பிறகு உச்சி மாநாடே நடக்காத அமைப்புக்கு அதுவே பெரிய விஷயம். பாகிஸ்தான் பிரதமர் வரவில்லை, வந்த பிரதிநிதி காஷ்மீரைக் கிளப்பினார்.

கார்த்திக்: அப்படியென்றால் கெடுத்தது பாகிஸ்தான் என்று நேராகச் சொல்ல வேண்டியதுதானே?

காஷ்மீரை அங்கே இழுத்தது அநாவசியம், சரி. ஆனால் நிதி சார்க் செயலகம் வழியாகப் போகட்டும் என்று அவர்கள் கேட்டதில் என்ன தவறு? பொது அமைப்பின் கையில் பணம் இருந்தால்தானே அமைப்பு வளரும்?

கார்த்திக்: அந்தச் செயலகத்தில் ஒவ்வொன்றுக்கும் எட்டு உறுப்பு நாடுகளின் சம்மதமும் வேண்டும், நோய் காத்திருக்குமா?

நியாயமான கேள்வி. ஆனால் ஐரோப்பாவிலும் ஜூலைத் தொகைக்கு 27 நாடுகளும் சம்மதிக்க வேண்டியிருந்தது, நாலு நாள் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். இங்கே உட்காரவே ஆள் இல்லை.

மாலா: ஐரோப்பா கொரோனாவில் ஒன்றுபட்டதா இல்லையா, ஒரே வரியில்?

எந்த மாதம்?