கார் பெயின்ட்டுக்கு செராமிக் ஸ்ப்ரே வாக்ஸ்: வாசகர் கேள்வி – பதில்

கார் பெயின்ட்டின் மேல் பூசித் துடைக்கும் செராமிக் ஸ்ப்ரே வாக்ஸ் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ஆதங்கம்தான்: “புட்டியில் போட்டிருந்தபடியே செய்தேன், ஏன் சரியாக வரவில்லை?” அடிப்பதற்கு முன் பெயின்ட் எவ்வளவு சுத்தமாக இருந்தது, எவ்வளவு மருந்து அடித்தோம் என்ற இரண்டையும் கவனித்தால் அநேகச் சிக்கல்கள் தீர்ந்துவிடும். பதில்களில் இந்த இரண்டும் திரும்பத் திரும்ப வருவதற்கு அதுவே காரணம்.

கே: இந்த ஸ்ப்ரேயில் உண்மையிலேயே செராமிக் இருக்கிறதா? லேபிளில் ‘9 ஹெச் கடினம்’ என்று போட்டிருக்கிறதே, கீறல் விழாதா?

ப: பெரும்பாலான ஸ்ப்ரேக்களில் இருப்பது தண்ணீரில் கலந்த சிலிக்கோன் வகைப் பாலிமர்கள். சிலேன், சிலாக்சேன், சிலிக்கா என்ற பெயர்களை லேபிளில் பார்க்கலாம். சிலவற்றில் கார்னோபா மெழுகும் சேர்ந்திருக்கும். நீர் ஆவியானதும் இவை கிளியர் கோட்டின் (நிறத்துக்கு மேல் இருக்கும் நிறமற்ற பெயின்ட் அடுக்கு) மேல் ஒரு மைக்ரானுக்கும் குறைவான படலமாக ஒட்டிக்கொள்கின்றன. கிளியர் கோட்டே சுமார் 40 முதல் 50 மைக்ரான்தான் என்றால், அதன்மேல் இருக்கும் இந்தப் படலம் எவ்வளவு மெல்லியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

‘9 ஹெச்’ என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. அது கற்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோல் அல்ல. சாலையில் தெறிக்கும் கல்லையோ, சாவியின் முனையையோ, மணல் ஒட்டிய துணியையோ இந்தப் படலம் தடுக்காது. நீரும் அழுக்கும் ஒட்டாமல் வழுக்கிப் போகச் செய்யும்; பறவை எச்சம், பூச்சிக் கறை போன்றவை பெயின்ட்டைத் தொடுவதற்கு முன் துடைத்தெடுக்கச் சற்று அவகாசம் தரும்; நிறத்துக்கு ஆழமும் பளபளப்பும் கொடுக்கும். இவ்வளவையும் வெறுமனே பூசித் துடைக்கும் வேலையிலேயே தருகிறது என்பதால் இது நல்ல பொருள்தான்.

செராமிக் கோட்டிங் என்று 30 அல்லது 50 மி.லி. சிறு புட்டியில் வருவது வேறு. அதில் வினைபுரியும் பொருள் மிக அடர்த்தியாக இருக்கும். பூசியபின் குறித்த நேரத்துக்குள் துடைக்காவிட்டால் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அது வருடக் கணக்கில் நிற்கும். ஸ்ப்ரே சில மாதங்கள் நிற்கும். கார் வெயிலில் நிற்பதையும், கழுவும் முறையையும் பொறுத்து இது கூடும், குறையும்.

கே: முதல்முறை செய்கிறேன். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை வரிசையாகச் சொல்லுங்கள்.

ப: நிழலில் நிறுத்துங்கள். பானெட்டில் உள்ளங்கையை வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். இன்ஜின் சூடு தணியாமல் தொடங்காதீர்கள்.

முதலில் சக்கரங்களைக் கழுவிவிட்டு, பிறகு உடல் பகுதியை மேலிருந்து கீழாக நன்றாக நீர் பீய்ச்சி, தளர்ந்த மண்ணை இறக்குங்கள். பின்னர் இரண்டு வாளி முறை: ஒன்றில் கார் ஷாம்பூ கலந்த நீர், இன்னொன்றில் வெறும் நீர். கார் கழுவும் கையுறையை ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வெறும் நீரில் அலசிய பிறகே ஷாம்பூவில் தோய்க்க வேண்டும். ‘வாஷ் அண்ட் வாக்ஸ்’ ஷாம்பூ இன்றைக்கு வேண்டாம். அது தன் பங்குக்கு ஒரு படலத்தை விட்டுச் செல்லும், அதன்மேல் ஸ்ப்ரே சரியாகப் பிடிக்காது.

கழுவிய பெயின்ட் சுத்தமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விரல்களை விட்டு, ஈரமான பெயின்ட்டின் மேல் லேசாகத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தெரிந்தால் பிரேக் தூளும் தார்ப்புள்ளியும் பெயின்ட்டில் பதிந்திருக்கின்றன. தாருக்கு அதற்குரிய நீக்கியைத் தனியாகப் போடுங்கள். பிரேக் தூளில் இருக்கும் இரும்புத் துகளுக்கு அயர்ன் ரிமூவர் தெளித்தால் துகள் உள்ள இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும். காய விடாமல், லேபிளில் சொன்ன நிமிடங்களுக்குள் நிறைய நீர் விட்டு அலசிவிடுங்கள். மீதிச் சொரசொரப்புக்குக் கிளே பார் (பதிந்த துகள்களைப் பிடித்தெடுக்கும் களிமண் போன்ற துண்டு). வழுக்கும் திரவத்தை நிறையத் தெளித்து, அழுத்தாமல், நேர்கோட்டில் தேயுங்கள். கிளே துண்டு கீழே விழுந்தால் அதை எடுத்துத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். தரை மண் ஒட்டிய கிளே உப்புத்தாளுக்குச் சமம்.

கிளே போட்டால் கறுப்பு, அடர்நீலம் போன்ற நிறங்களில் மெல்லிய தேய்மானக் கோடுகள் விழலாம். அவற்றையும் பழைய சுருள் கீறல்களையும் நீக்க வேண்டுமென்றால் பாலிஷ் இந்தக் கட்டத்தில்தான். பிறகு பாலிஷின் எண்ணெய் போக, ஒரு பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலுடன் மூன்று பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்து துடைத்தெடுங்கள். பாலிஷ் போடவில்லை என்றாலும் பழைய மெழுகு இருந்தால் இந்தத் துடைப்பு உதவும்.

இப்போது ஸ்ப்ரே. புட்டியை நன்றாகக் குலுக்குங்கள். அடியில் தங்கியது கலக்க வேண்டும். 350 முதல் 400 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) உள்ள, ஓரத்தில் தையல் உறுத்தாத மைக்ரோஃபைபர் துணி இரண்டு எடுத்து, ஒவ்வொன்றையும் நான்காக மடியுங்கள். ஒரே நேரத்தில் 60 செ.மீ.க்கு 60 செ.மீ. அளவு இடம் போதும். இரண்டு முறை அழுத்துங்கள், அதுவும் துணியின் மேல். முதல் துணியால் முதலில் நெடுக்காக, பிறகு குறுக்காகப் பரப்புங்கள். ஈரச் சாயல் மங்கத் தொடங்கும்போது இரண்டாவது துணியால் துடைத்துவிடுங்கள். பளிச்சென்று வந்ததும் துணியின் புது மடிப்புக்கு மாறி, இன்னொரு முறை. பக்கவாட்டில் குனிந்து வெளிச்சம் சாய்வாக விழும்படி பார்த்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள். எல்லாக் கதவையும் பூசிவிட்டுக் கடைசியில் துடைக்கலாம் என்று நினைத்தால் அங்கேதான் திட்டுத் திட்டாகக் கறை விழும்.

பிறகு 12 முதல் 24 மணி நேரம் நீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லேபிளில் வேறு நேரம் சொல்லியிருந்தால் அதுவே சரி. ஷாம்பூ போட்டுக் கழுவுவதை ஒரு வாரத்துக்குத் தள்ளிவைப்பது நல்லது.

கே: கறுப்புக் காரில் அடித்தேன். வெயிலில் பார்த்தால் எண்ணெய் பூசியதுபோல் வானவில் கோடுகள். துடைக்கத் துடைக்க இடம் மாறுகிறதே தவிர போகவில்லை.

ப: மருந்து அதிகமாகிவிட்டது. பெயின்ட் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு மேல் போனது எதிலும் ஒட்டாமல் மேலே நிற்கிறது. ஏற்கெனவே நனைந்த துணி அதை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துகிறது. காய்ந்த, புதிய மைக்ரோஃபைபர் துணி எடுங்கள். பாதிக் கோடுகள் அதிலேயே போய்விடும்.

போகாதவற்றுக்கு, அந்த இடத்தில் மட்டும் அதே ஸ்ப்ரேயை ஒரே ஒரு முறை துணியில் அடித்துத் தேய்த்து, உடனே வேறொரு காய்ந்த துணியால் துடையுங்கள். புதிய மருந்தில் இருக்கும் நீரும் கரைப்பானும் பாதி இறுகிய பழையதை இளக்கிவிடும். ஓரிரு நாளில் முழுதாக இறுகிவிட்ட கறுத்த திட்டு என்றால், மென்மையான பாலிஷை நுரைப் பஞ்சில் எடுத்துக் கையாலேயே லேசாகத் தேய்த்து, அந்த இடத்தில் மீண்டும் ஸ்ப்ரே அடிக்க வேண்டும்.

மருந்தைக் குறைத்த பிறகும் கோடுகள் வந்தால் மூன்று இடங்களில் தேடுங்கள். பெயின்ட் சூடாக இருந்தால் பரப்புவதற்கு முன்பே காய்ந்து கோடாகிவிடும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் காயவே காயாமல் இழுபடும். அப்போது ஒரு நேரத்தில் 30 செ.மீ. இடம் மட்டும் எடுத்து, துடைப்பதற்குச் சற்றுக் கூடுதலாகக் காத்திருங்கள். மூன்றாவது, கண்ணாடி ஓரத்திலும் கதவு இடுக்கிலும் தங்கிய கழுவிய நீர் சொட்டி வந்து கலப்பது. அதனால்தான் கழுவியபின் இடுக்குகளில் காற்று ஊதியோ துணி நுழைத்தோ ஈரத்தை எடுப்பது அவசியம்.

இந்தக் கோடுகள் வெள்ளைக் காரிலும் விழுகின்றன, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

கே: ஐந்து வாரத்திலேயே நீர் முத்து முத்தாக உருள்வது நின்றுவிட்டது. மருந்து போய்விட்டதா?

ப: முடிவு கட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். சாலையின் எண்ணெய்ப் புகையும் தூசும் படலத்தின் மேல் படிந்தால், கீழே மருந்து நன்றாக இருந்தாலும் நீர் பரந்து நிற்கும். மெழுகு, பளபளப்பு எதுவும் சேராத ஷாம்பூவைக் கொஞ்சம் கூடுதல் அடர்த்தியாகக் கலந்து ஒரு கதவை மட்டும் கழுவி, நன்றாக அலசி, நீர் தெளித்துப் பாருங்கள். முத்து திரும்பினால் அழுக்குதான் காரணம். திரும்பாவிட்டால் அந்தக் கதவில் அயர்ன் ரிமூவர் ஒருமுறை. அதற்கும் மசியவில்லை என்றால் படலம் தேய்ந்துவிட்டது, மீண்டும் அடிக்கலாம்.

பானெட்டும் கூரையும் எப்போதும் முதலில் தேயும். வெயிலும் இன்ஜின் சூடும் அங்கேதான். கதவில் இன்னும் முத்து உருண்டால் முழுக் காரையும் செய்யாமல் மேல்பகுதியை மட்டும் புதுப்பித்தால் போதும். மாதம் ஒருமுறை கழுவி முடித்ததும், துடைக்கும்போதே பகுதிக்கு ஒரு அழுத்து என்று அடித்து வந்தால் மொத்தமாகத் தேயும் நிலையே வராது.

கே: ஸ்ப்ரே அடித்த பிறகுதான் காரில் வெள்ளை வட்ட வட்டமாக நீர்க்கறை அதிகம் தெரிகிறது. இது எப்படி?

ப: நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். பலர் இதை மருந்தின் குறை என்று எண்ணுகிறார்கள். முன்பு நீர் பரந்து நின்று மெல்லிய தாளாகக் காய்ந்தது. இப்போது முத்தாகத் திரள்கிறது. அந்த முத்தில் இருந்த சுண்ணாம்பு முழுவதும் ஒரே சிறு வட்டத்தில் படிகிறது. உப்பு நீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் செராமிக் ஸ்ப்ரே நீர்க்கறையைக் கூட்டவே செய்யும்.

எனவே கழுவிய காரைத் தானாகக் காய விடாதீர்கள். கடைசி அலசலுக்கு வடிகட்டிய மென்னீர் கிடைத்தால் நல்லது. குழாய் முனையைக் கழற்றிவிட்டு, நீரை மெல்ல மேலிருந்து வழிய விட்டால் பெரும்பகுதி தாளாக ஓடிவிடும். மீதியைப் பெரிய மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றி எடுங்கள்.

விழுந்த கறை புதிதென்றால் வெள்ளை வினிகரும் டிஸ்டில்டு வாட்டரும் சமபங்கு கலந்து, துணியை நனைத்துக் கறைமேல் ஒரு நிமிடம் போட்டு, நன்றாக அலசிவிடுங்கள். சுண்ணாம்பு அமிலத்தில் கரைந்துவிடும். அந்த இடத்தில் படலமும் பலவீனமாகியிருக்கலாம் என்பதால் ஒரு அழுத்து ஸ்ப்ரே போடுங்கள். வினிகருக்கும் போகாமல் பெயின்ட்டில் குழியாகிவிட்ட கறைக்குப் பாலிஷ்தான்.

கே: கீறல்களை மறைக்குமா?

ப: ஓரளவு மங்கலாக்கும், நீக்காது. சில நேரம் பளபளப்பு கூடுவதால் கீறல் முன்பைவிடத் தெளிவாகத் தெரியும். நகத்தில் தட்டுப்படும் கீறல் பாலிஷுக்கும் முழுதாகப் போகாது.

கே: கண்ணாடி, அலாய் சக்கரம், பிளாஸ்டிக், மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட் எல்லாவற்றிலும் அடிக்கலாமா?

ப: சக்கரத்தில் தாராளமாக, பிரேக் தூள் எளிதில் கழுவிப் போகும். ஆனால் துணியில் அடித்துத்தான் தேய்க்க வேண்டும். நேராக அடித்தால் பிரேக் டிஸ்க்கில் படும், பிரேக் பிடிப்பு குறையும். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். டயரின் தரை தொடும் பகுதி, ஸ்டீயரிங், பெடல், இருக்கை ஆகியவற்றின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

முன்கண்ணாடியைத் தவிர்ப்பது நல்லது. வைப்பர் தடதடவென்று அதிரலாம், எதிர்வெளிச்சத்தில் மங்கலும் வரலாம். கண்ணாடிக்கென்று தயாரித்த மருந்து தனியாக இருக்கிறது. வழவழப்பான வெளிப் பிளாஸ்டிக்கில் போடலாம். சொரசொரப்பான கறுப்புப் பிளாஸ்டிக்கில் குழிகளில் தங்கித் திட்டாகும் என்பதால் முதலில் மறைவான மூலையில் பாருங்கள். மேட் பெயின்ட்டுக்கு ‘மேட்டுக்கு ஏற்றது’ என்று லேபிளில் இருந்தால் மட்டும்.

கே: பம்பருக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறது. உடனே போடலாமா?

ப: வேண்டாம். பட்டறையில் அடித்த பெயின்ட்டிலிருந்து கரைப்பான் வாரக் கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும். மேலே படலம் போட்டு அடைத்தால் மங்கலும் கொப்புளமும் வரலாம். பொதுவாக 30 நாள் பொறுங்கள். பெயின்ட் அடித்தவர் அதற்கு மேல் சொன்னால் அவர் சொன்னதே கணக்கு. தொழிற்சாலையில் உயர்ந்த வெப்பத்தில் சுட்டு இறுக்கிய புதுக் காருக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை.

கே: ஏற்கெனவே செராமிக் கோட்டிங் போட்ட கார். மேலே ஸ்ப்ரே அடித்தால் கெடுமா? எத்தனை கோட் அடிக்கலாம்?

ப: கெடாது, கோட்டிங்கின் தேய்மானத்தை ஸ்ப்ரே தாங்கிக்கொள்ளும். ஆனால் வரிசையைத் தலைகீழாக்கக் கூடாது: ஸ்ப்ரே இருக்கும் பெயின்ட்டில் கோட்டிங் பிடிக்காது, அதைப் பாலிஷ் போட்டு முழுக்க எடுத்த பிறகே கோட்டிங்.

கோட் எண்ணிக்கைக்கு இரண்டு போதும். முதல் கோட்டில் தவறவிட்ட இடத்தை இரண்டாவது நிரப்பும். இடைவெளி லேபிளில் சொன்னபடி. பொருளுக்குப் பொருள் அது மாறும். மூன்று, நான்கு என்று ஏற்றினால் தடிமன் கூடாது. புது மருந்து பழையதைக் கொஞ்சம் இளக்கிக்கொண்டு வந்துவிடும், மீதி துணிக்குத்தான் போகும்.

கே: 500 மி.லி. புட்டி எத்தனை முறைக்கு வரும்? துணிகள் விறைத்துப் போகின்றனவே?

ப: டிரிகரை ஒருமுறை அழுத்தினால் சுமார் 1 மி.லி. வரும். நடுத்தரக் காருக்கு 30 முதல் 50 மி.லி. போதும் என்பதால் பத்து முறைக்குக் குறையாமல் வர வேண்டும். மூன்று, நான்கு முறையில் தீர்ந்தால் மேலே சொன்ன வானவில் கோடுகள் உங்கள் காரிலும் இருக்கும், பாருங்கள். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் புட்டியை வைக்காதீர்கள்.

துணி விறைப்பது, மருந்து அதிலேயே இறுகுவதால். வேலை முடிந்த உடனே நீரில் ஊறப்போட்டு, திரவச் சோப்பில், மற்ற துணிகளோடு சேர்க்காமல் துவையுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம், அது இழையில் படிந்து ஈரம் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். துவைத்த பிறகும் ஓரம் விறைப்பாகவே இருக்கும் துணியைப் பெயின்ட்டில் படவிடாதீர்கள், சக்கரம் துடைக்க ஒதுக்கிவிடுங்கள்.