போம் பலகைமேல் ரயில் பாதை: ஊத்தான் மெலிந்தாங் கேள்வி பதில்

பேராக் மாநிலம் ஊத்தான் மெலிந்தாங்கில் மாதிரி ரயில் செய்யும் நம் தோட்டத்துப் பக்க நண்பர்கள் கேட்டவை, கேட்ட வரிசையிலேயே.

அண்ணே, புத்தகக் கடையில் விற்கிற போம் போர்டே அடித்தளத்துக்குப் போதுமா?

ஒரே பெயரில் இரண்டு சாமான் இருக்கிறது. புத்தகக் கடையில் கிடைப்பது 5 மிமீ போம். இரு பக்கமும் காகிதம். கூரை வெப்பத்தைத் தடுக்க விற்பது எக்ஸ்பிஎஸ் என்ற கெட்டியான பாலிஸ்டைரீன் போம். 25, 50 மிமீ கனத்தில், 600க்கு 1200 மிமீ அளவில் வரும். அடித்தளத்துக்கு எக்ஸ்பிஎஸ்தான். அது தண்ணீரை உறிஞ்சாது. 50 மிமீ பலகை என்றால் அடியில் 400 மிமீக்கு ஒரு தாங்கு கட்டை போதும். 25 மிமீ என்றால் 300 மிமீக்கு ஒன்று வேண்டும்.

காகிதம் ஒட்டிய போர்டில் நம் ஊர் ஈரப்பதம் வெட்டிய ஓரம் வழியாக உள்ளே போகும். ஒரு பக்கம் மட்டும் சாயம் பூசினால் இரண்டே நாளில் வாழை இலை மாதிரி வளையும். அதைத்தான் பயன்படுத்துவேன் என்றால் இரு பக்கமும் சம அளவு சாயம் பூசுங்கள், ஓரங்களையும் விடாதீர்கள். அதே போர்டில் வெட்டிய 75 மிமீ உயரப் பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, 150 மிமீ கட்டங்களாக அடியில் ஒட்டுங்கள்.

2 எக்ஸ்பிஎஸ் பலகையை வெள்ளைப் பசையால் ஒட்டினேன். 5 நாளாகியும் நடுவில் ஈரம்.

இன்னும் பல நாள் அப்படியேதான் இருக்கும். வெள்ளைப் பசை இறுக அதிலுள்ள தண்ணீர் வெளியேற வேண்டும். மேலும் கீழும் தண்ணீர் புகாத பலகை இருந்தால் அது எங்கே போகும்? ஓரம் மட்டும் காயும். பிரித்துத் துடைத்துவிட்டு, வழவழப்பான மேல்தோலை மணல் தாளால் தேய்த்து எடுங்கள். ஒரு பலகையில் ஈரத்துணியால் லேசாகத் துடைத்து, மறு பலகையில் பாலியுரித்தேன் பசையைக் கோடு கோடாகத் தடவுங்கள். அந்தப் பசைக்கு ஈரம்தான் உயிர். ஆனால் பொங்கும். அதனால் நாள் முழுக்க மேலே பாரம் வேண்டும். அரிசி மூட்டை நன்றாக அழுத்தும்.

கான்டாக்ட் கம் பூசலாமா அண்ணே?

வேண்டாம் தம்பி. தின்னர் வாசம் அடிக்கிற எதுவும் போமைக் கரைத்துவிடும். எந்தப் பசையையும் முதலில் ஒரு துண்டில் தடவி, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

தண்டவாளத்தை ஆணி அடித்துப் பிடிக்கலாமா?

போமில் ஆணி பிடிக்காது. நீரில் கரையும் அக்ரிலிக் கால்க்கை (விரிசல் அடைக்கும் பசை), பழைய டெலிபோன் கார்டால் வழித்து, போமின் நிறம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகத் தடவுங்கள். அதன்மேல் தண்டவாளத்தை அழுத்தி, காயும் வரைக்கும் குண்டூசியால் நிறுத்துங்கள். பிறகு மாற்ற வேண்டுமென்றால் தட்டையான கத்தியை அடியில் செருகினால் கழன்றுவிடும். சிலிக்கோன் வேண்டாம், அதன்மேல் சாயம் ஒட்டாது.

மின்கம்பியைத் தண்டவாளத்தோடு பற்ற வைத்து முடித்த பிறகே பலகையில் இறக்குங்கள். பற்றவைக்கும் சூடு பட்டால் போம் குழிந்துவிடும். கம்பி இறங்கும் துளைக்குச் சத்தே குச்சி போதும்.

நான் தச்சன். 12 மிமீ பிளைவுட் இருக்க, ஐஸ் பெட்டி மாதிரி சாமானில் எதற்கு ரயில் ஓட்ட வேண்டும்?

ஆசாரி அண்ணே, 600க்கு 1200 மிமீயில் 12 மிமீ பிளைவுட் 5 கிலோவுக்கு வரும். அதே அளவில் 50 மிமீ எக்ஸ்பிஎஸ் ஒரு கிலோ சொச்சம். அது கறையானுக்கு இரையும் இல்லை. வாய்க்கால் தோண்ட, மேடு செதுக்க ஒரு கத்தி போதும்.

வெயிலில் நீளாதா? எறும்பு குடையாதா?

இரண்டும் நியாயமான கேள்வி. தகரக் கூரைக்கு அடியில் விடியற்காலைக்கும் மத்தியானத்துக்கும் 15 பாகை வித்தியாசம் என்று வையுங்கள். 1 மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் கால் மிமீ நீளும். 1 மீட்டர் போம் ஏறக்குறைய 1 மிமீ நீளும். இரண்டையும் கெட்டியான பசையால் பூட்டினால் தண்டவாளம் நெளியும். கால்க் இறுகிய பிறகும் கொஞ்சம் இழுபடும் என்பதால்தான் அதைச் சொல்கிறேன்.  இணைப்புகளில் மீட்டருக்கு அரை மிமீ இடைவெளியும் விடுங்கள்.

எறும்பு போமைத் தின்னாது, ஆனால் குடைந்து கூடு கட்டும். ஓரங்களுக்குச் சாயம் பூசி, மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

மரச் சட்டம் இல்லாமல் நிற்காது. அதையாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

ஒப்புக்கொள்கிறேன். சட்டம் பிளைவுட் பட்டையில், மேலே போம். பாயின்ட் மோட்டார் (தடம் பிரியும் இடத்தில் தண்டவாளத்தை நகர்த்துவது) வரும் இடத்திலும் பிளைவுட் துண்டு பதிக்கத்தான் வேண்டும். 50 மிமீ போமின் அடியில் மாட்டினால் அதன் கம்பி மேலே எட்டாது. ஆனால் பெட்டி மாதிரி அடியை மூடிவிடாதீர்கள், உறுமி மேளம் போல அதிரும்.

நம் செம்பனைத் தோட்டத்துச் சின்ன ரயிலை எந்த அளவில் செய்வது?

நல்ல கேள்வி, தங்கச்சி. தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டத் தடம் 700 மிமீ அகலம். 9 மிமீ அகலத் தண்டவாளத்தை 1:76 அளவில் (நிஜத்தில் 76-இல் ஒரு பங்கு) வைத்தால் 684 மிமீ கணக்கு வரும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 228 மிமீ ஆரத்தில் வளைத்தால் முழு வட்டத்தின் விட்டம் 456 மிமீ. 600 மிமீ பலகையில் இரு பக்கமும் 70 மிமீ மிஞ்சும். ஒரு வரிசை செம்பனை, வடிகால் இரண்டும் அடங்கும். வடிகாலைப் போமிலேயே 10 மிமீ ஆழத்துக்குச் செதுக்குங்கள். அடியில் கறுப்பும் பச்சையும் கலந்த தண்ணீர்ச் சாயம் பூசி, மேலே பளபளப்பு வார்னிஷை 3 முறை மெல்லிசாகப் பூசுங்கள். அதுவும் தண்ணீரில் கரைவதாக இருக்கட்டும்.

டிஜிட்டல் டீகோடர் எது நல்லது?

அது என் துறை இல்லை. மின்னியல் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

வெள்ளைப் பசை காய எத்தனை நாள்?

மேலே இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

புல் ஒட்ட வெள்ளைப் பசை சரியா?

சரி. மேலே காற்று படுகிறது, காயும்.

ஸ்பிரே சாயம் தூரத்திலிருந்து அடித்தால்?

கரையும். தூரமாக அடித்தாலும் கரையக்கூடும். தண்ணீர்ச் சாயம், தூரிகை.

சாமி மேடை பக்கத்தில் வைக்க இடம் இருக்கிறது.

அங்கே வேண்டாம். விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. இந்தப் பலகை தீப்பிடித்தால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும், கரும்புகை அறையை மூடிவிடும். ஜன்னல் ஓரச் சுவரில் தாங்கி அடித்து அதன்மேல் வையுங்கள்.